யார் வீட்டுப் பெண் நார்மாண்ட்

அல்ஃபேனா நார்மாண்டின் பெயரை முதன்முதலில் கேட்டது டெலிபோனில். அவளுக்கு வந்த அழைப்பில்லை அது. சேன்-ஒனெஸீமில் அந்தக் காலத்தில் எட்டு வீட்டுக்கு ஒரே கம்பி. ஒரு வீட்டு மணி அடித்தால் மற்ற ஏழு வீட்டிலும் யாராவது சத்தமில்லாமல் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். அல்ஃபேனா அப்போது கல்யாணமாகாத பெண், மளிகைக் கடைக்காரர் வீட்டில் சமையல் வேலை. கை நிறைய மாவோடு நின்றபடியே கேட்டாள்.

"லியோனலுக்குப் பொண்ணு பொறந்திருக்காம். நார்மாண்ட்னு பேரு வச்சிருக்காங்க."

"எந்த லியோனல்?"

"டெனிஸ் மவன் லியோனல்."

"எந்த டெனிஸ்?"

"தொசித்தே மவன் டெனிஸ்தான், வேற எந்த டெனிஸு."

"அந்த வீட்ல ஏற்கெனவே ஒரு நார்மாண்ட் இருக்காளே?"

அல்ஃபேனாவுக்கு வாய் நிற்கவில்லை. "அவ அந்த வீடு இல்ல, அவ தொசித்தேவோட தம்பி வழி" என்று சொல்லிவிட்டாள். கம்பியில் ஒரு நிமிஷம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு ஒரு கிழவியின் குரல் வந்தது: "யாரோ ஒரு புண்ணியவதி. சொன்னது சரிதான்."

மேய்ன் மாநிலத்தின் வடக்கு முனையில் அந்த ஊர். முன்னால் சேன் ஜான் ஆறு. இந்தக் கரை அமெரிக்கா, அந்தக் கரை கனடா. ராஜாங்கத்தார் ஆற்றின் நடுவே கோடு போட்டபோது இவர்களின் கொள்ளுத்தாத்தாக்கள் ஏற்கெனவே இரண்டு கரையிலும் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று ஆகிப்போனது. இரண்டு கரையிலும் பேச்சு பிரெஞ்சுதான். புது ஆளைப் பார்த்தால் அங்கே யாரும் பெயர் கேட்பதில்லை. "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்பார்கள். கேட்டவுடனே அப்பன் பெயர், அவனுக்கு அப்பன் பெயர், அவனுக்கும் அப்பன் பெயர் என்று மூன்று தலைமுறையாவது சொல்லியாக வேண்டும். சொந்தம் என்று தெரிந்துவிட்டால் இரண்டு கன்னத்திலும் முத்தம். தெரியாவிட்டால் இன்னும் ஒரு தலைமுறை மேலே போய்த் தேடுவார்கள்.

சில வருஷம் கழித்து அல்ஃபேனா லியோனலின் தம்பி அத்ரியெனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே மருமகளாகப் போனாள். நார்மாண்டுக்குச் சித்தி ஆனாள்.

நார்மாண்ட் வாயாடி. ஆனால் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பேசினால் தண்டனை என்பதால், இங்கிலீஷை எடுத்துக்கொண்டு அதிலும் வாயாடினாள். செப்டம்பரில் கிழங்கு பொறுக்கப் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள். அப்போது வயலில் குனிந்து பொறுக்குவதைவிட, யார் பங்கு எந்த வரிசை என்று சண்டை தீர்த்து வைப்பதில்தான் அவளுக்குக் கை ஓடும். "இவளுக்கு முதுகு வளையாது, நாக்கு மட்டும்தான் வளையும்" என்பார் லியோனல்.

பத்தொன்பது வயதில் பாலத்துக் கஸ்டம்ஸ் கொட்டகையில் டைப் அடிக்கும் வேலை கிடைத்தது. அந்தக் குளிர்காலத்தில் அல்ஃபேனா அக்கரைக்குப் போய், கம்பளி நூல்கண்டுகளைக் கோட்டுக்குள்ளே சுற்றிக்கொண்டு, ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நடந்து வந்தாள். ஊரில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். கொட்டகையில் நார்மாண்ட் தலையை நிமிர்த்தினாள்.

"சித்தி, எப்ப இருந்து?"

"என்னடி எப்ப இருந்து?"

"வயிறு."

பின்னால் நின்ற இன்ஸ்பெக்டர் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நார்மாண்ட் திரும்பவில்லை. சொந்தச் சித்தியிடமே வரி வாங்கிக்கொண்டுதான் விட்டாள். அல்ஃபேனா அவளோடு ஈஸ்டர் வரைக்கும் பேசவில்லை.

அப்புறம் ஒரு பரீட்சை எழுதி வாஷிங்டனுக்குப் போனாள். வணிக இலாகாவில் சின்ன வேலை, அதிலிருந்து கொஞ்சம் பெரியது, பிரெஞ்சு தெரியும் என்பதற்காக பிரஸ்ஸல்ஸ், அதன்பின் டக்கார். வருஷத்துக்கு ஒருமுறை வந்தாள். ஊரில் கேட்பார்கள்: "அங்க என்னதான் பண்றா?"

"நாடுங்களுக்கு நடுவுல பேசுறா" என்பாள் அல்ஃபேனா.

"பேசுறதுக்கா சம்பளம்? நம்ம ஊர்ல சும்மாவே பேசிக்கிட்டிருந்தா."

அவளுக்கு நாற்பது தாண்டிய வருஷம்தான் அந்தத் தகராறு வந்தது. அக்கரைக் கிழங்கு மலிவாக வந்து குவிந்தது. அந்த நாட்டுச் சர்க்கார் அவர்களுக்கு முட்டுக் கொடுக்கிறது என்று இக்கரையில் பேச்சு. இக்கரைக் கிழங்கு நிலவறையில் விலைபோகாமல் முளைவிட்டுக் கிடந்தது. மார்ச் மாதம், ஆறு இன்னும் உறைந்து கிடக்கும்போது, இக்கரை விவசாயி கில்மன் சூசி தன் கிழங்கு ட்ரக்கைப் பாலத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவன் பின்னால் நாற்பது ஐம்பது ட்ரக்குகள். இரும்பு டிரம்மில் பழைய மரப் பீப்பாய்களை உடைத்துப் போட்டு எரித்துக் குளிர்காய்ந்தார்கள். அக்கரை ட்ரக் ஒன்று நுழையப் பார்த்தபோது கண்ணாடி உடைந்தது. அடுத்தது மண்டைதான் உடையும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பேச்சுவார்த்தையைப் பாலத்துக்குப் பக்கத்திலேயே, சர்ச் மண்டபத்தில் வைத்தார்கள். அமெரிக்காவுக்காகப் பேச வந்தவள் நார்மாண்ட். அந்த மேஜையில் தலைமை நாற்காலியில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை. வந்த அன்று சித்தி வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னாள்:

"இதை முடிச்சுக் கொடுத்தா இனிமே அந்த நாற்காலி எனக்குத்தான் சித்தி. வாய்விட்டே சொல்லிட்டாங்க. சொதப்புனா, ஆயுசு பூரா பின்வரிசைதான்."

"அந்தப் பக்கம் யாரு வர்றா?"

"எல். ஜே. மார்க்கின்னு போட்டிருக்கு. ஆட்டவாக்காரர், கனடா சர்க்கார் ஆளு."

"எந்த மார்க்கி?"

"ஆத்துல கல்லு எண்ணுற மாதிரி சித்தி அது. எவ்வளவு மார்க்கி இருக்காங்க."

மறுநாள் மண்டபத்தில் நீள மேஜை, இரண்டு கொடி, சுவரோரமாகத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு விவசாயிகள், ஒரு மூலையில் பத்திரிகைக்காரர்கள். அல்ஃபேனாவும் மற்ற பெண்களும் சமையல்கட்டில் ப்ளோய் என்கிற மெல்லிய தோசை வார்த்துக்கொண்டிருந்தார்கள். கில்மன் ஆட்கள் காரை விடாததால், அக்கரைக்காரர் ட்ரக்குகளுக்கு நடுவே நடந்தே பாலத்தைத் தாண்டி வந்து சேர்ந்தார். காதெல்லாம் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நார்மாண்டைவிட ஐந்தாறு வயது மூத்தவர். இருவரும் கை குலுக்கினார்கள். போட்டோக்காரர்கள் முன்னால் வந்தார்கள். குளிரில் நடந்து வந்த மனிதர், எதிரே ஊர்க்காரி முகம் ஒன்றைக் கண்டதும், தன்னை மறந்து பிரெஞ்சில் கேட்டுவிட்டார்:

"நீ யாரு வீட்டுப் புள்ள?"

நார்மாண்டின் வாயும் அவளைக் கேட்காமலே பதில் சொன்னது. "லியோனல் மவ. டெனிஸ் பேத்தி. தொசித்தே தெஷேனோட கொள்ளுப்பேத்தி."

அவர் அவள் கையை விடவில்லை. "தொசித்தேவா? எங்கம்மா லெயோலா. அவங்கம்மா ஃபிலொமேன். ஃபிலொமேனோட அப்பா தொசித்தே! நான் லெவீத் மார்க்கி."

"எங்க தாத்தாவோட தங்கச்சி ஃபிலொமேனா?"

"அவங்களேதான்! அட, தங்கச்சி!"

அவர் குனிந்தார். அவள் கன்னத்தைக் கொடுத்தாள். வலது, இடது. பிறந்ததிலிருந்து ஆயிரம் தடவை செய்த காரியம். யோசித்தெல்லாம் யாரும் செய்வதில்லை. சமையல்கட்டு வாசலில் நின்ற அல்ஃபேனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பளிச் பளிச்சென்று விளக்குகள் மின்னியதை அவள் கவனிக்கவே இல்லை.

அன்று பேச்சு நன்றாகவே போனது. எந்த அளவுக் கிழங்கு எல்லை தாண்டலாம் என்பதில் பாதி முடிந்தது. அந்தப் பாதிக்கே லெவீத்தை நார்மாண்ட் கசக்கிப் பிழிந்துவிட்டாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் பாதிக்கு அந்த முத்தம். மேலே பெரிய எழுத்தில், அமெரிக்கா கன்னத்தைக் காட்டுகிறது என்று போட்டிருந்தது. கீழே அவர்கள் யார், என்ன உறவு என்று ஒரு வரியும் இல்லை. தெற்கே இருக்கிறவனுக்கு அது ஒரு ஆணும் பெண்ணும், அவ்வளவுதான்.

அல்ஃபேனா மண்டபத்துக்குப் போனபோது உள்ளே நிற்க இடமில்லை. பாலத்திலிருந்தவர்கள் பாதிப்பேர் இறங்கி வந்துவிட்டார்கள். புகை வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் மூக்கை அடைத்தன. சமையல்கட்டுக்குள் நார்மாண்டும், வாஷிங்டனிலிருந்து அவளோடு வந்திருந்த வக்கீல் விட்கமும் நின்றிருந்தார்கள். விட்கம் நல்ல மனிதர்தான். ராத்திரி சாப்பாட்டைக்கூட மிச்சம் வைக்காதவர். இப்போது முகம் வெளுத்திருந்தது. அவர் இங்கிலீஷில் பேசினார். அல்ஃபேனாவுக்கு அந்த அளவுக்குப் புரியும்.

"செனட்டர் ஆபீஸிலேருந்து மூணு தடவை போன். ஒரே வழிதான். நீங்க வெளிய போய், அவர் எனக்கு யாரும் இல்ல, அது ஒரு மரியாதைக்குச் செஞ்சது, அப்படின்னு சொல்லிடுங்க. பத்திரிகைக்காரங்க எழுதிக்குவாங்க. மதியத்துக்குள்ள அடங்கிடும். நீங்க உங்க நாற்காலியில இருப்பீங்க."

"சொல்லலைன்னா?"

"எதிர்த்தரப்பு ஆள் சொந்தக்காரர்னு ஆயிட்டா நான் உங்களை அங்க உட்கார வைக்க முடியாது. சட்டம் அது. எனக்கு இஷ்டமில்ல, ஆனா முடியாது."

அவர் வெளியே போனார். ஆறு தலைமுறையை மனப்பாடமாக வைத்திருக்கிற அல்ஃபேனா, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நார்மாண்டின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லைன்னு சொல்லிடுடி."

"சித்தி, நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். ஒரு வார்த்தை. ஃபிலொமேன் கல்லறையிலேருந்து எந்திரிச்சா வரப்போறா? நான் வேணும்னா ஃபாதர்கிட்ட உனக்காகப் பாவமன்னிப்பு கேட்டுக்கறேன்."

நார்மாண்ட் சிரித்தாள்.

"அது இல்லைன்னா இன்னொன்னு சொல்லு" என்றாள் அல்ஃபேனா, குரலைத் தாழ்த்தி. "ராத்திரியெல்லாம் யோசிச்சேன். இந்த லெவீத்தோட அப்பனும் கில்மனோட ஆத்தாளும் கூடப் பொறந்தவங்க. கில்மனுக்கு இவன் சொந்த மாமன் மவன்டி! உன்னைவிடக் கிட்டத்து உறவு. அந்தத் திருட்டுப் பயலுக்கு முதல்லேருந்து தெரியும். வாயத் தொறக்கல. எல்லார் முன்னாலயும் போட்டு உடை. அப்புறம் எவன் உன்னைக் கேக்குறான்னு பாப்போம்."

நார்மாண்ட் அடுப்பின் தீயைக் குறைத்தாள்.

"சித்தி, நான் இல்லைன்னு சொன்னா லெவீத் அங்கதான் உக்காந்து கேப்பாரு. நான் பொய் சொல்றேன்னு இந்த மண்டபத்துல எல்லாரையும்விட அவருக்குத்தான் நல்லாத் தெரியும். அதுக்கப்புறம் நான் ஒரு கணக்குச் சொன்னா, இதுக்கு மேல எங்களால முடியாதுன்னு சொன்னா, அவரு ஏன் நம்பணும்? இந்த வேலையில எனக்குன்னு இருக்கிறது சொல்லு ஒண்ணுதான். அதைக் கொடுத்துட்டு நாற்காலியை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"அப்ப கில்மனை இழு."

நார்மாண்ட் தலைமுடியைச் சரி செய்துகொண்டு கதவைத் தள்ளினாள்.

உள்ளே போனதும் சத்தம் அடங்கியது. லெவீத் மேஜையின் அந்தப் பக்கம் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கில்மன் முன்வரிசையில் நின்றான். ஆள் கதவு அகலம். பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தான்.

"வாங்க மேடம். ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா? நாங்க பாலத்துல வெறச்சுக் கெடக்கோம். எங்க கெழங்கை ஒரு முத்தத்துக்கு வித்துட்டீங்களாமே!"

பின்னாலிருந்து யாரோ, "ஒண்ணு இல்ல, ரெண்டு!" என்றான். சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை.

"நேராக் கேக்கறேன்" என்றான் கில்மன். "அந்த ஆளு உனக்கு உறவா, இல்லையா?"

பத்திரிகைக்காரர்களின் பேனாக்கள் தயாராயின. விட்கம் அவளைப் பார்த்து மெதுவாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். கதவுச் சந்தில் நின்ற அல்ஃபேனா, ஏப்ரனின் நுனியை வாயில் திணித்துக்கொண்டாள்.

"உறவுதான்" என்றாள் நார்மாண்ட். "எனக்கு ரெண்டுவிட்ட அண்ணன். நேத்து அவர் வாயாலே சொல்லித்தான் எனக்கே தெரியும். கேட்டதும் ஊர் வழக்கப்படி கன்னத்தைக் கொடுத்தேன். அப்புறம் உக்காந்து நாலு மணி நேரம் அவரோட சண்டை போட்டேன். என்ன வாங்கினேன்னு பேப்பர்ல போடல. நீங்க அவரையே கேளுங்க."

லெவீத் மேஜையைப் பார்த்தபடி, "போட்டிருக்கிற கோட்டைத் தவிர எல்லாத்தையும் புடுங்கிட்டா" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நார்மாண்ட் கில்மனைப் பார்த்தாள். கில்மனின் காது சிவந்துகொண்டே போனது. அடுத்த வார்த்தை என்னவென்று அவனுக்குத் தெரியும். அவன் அம்மா பெயர் வரப்போகிறது, அவன் மாமன் பெயர் வரப்போகிறது, அவன் பின்னால் நிற்கிற நாற்பது பேரும் திரும்பி அவனைப் பார்க்கப்போகிறார்கள். அல்ஃபேனா மனசுக்குள், சொல்லு, சொல்லு என்றாள். நார்மாண்ட் நன்றாகவே அவனைப் பார்த்தாள், அவளுக்கும் தெரியும் என்று அவனுக்குப் புரிகிற அளவுக்கு. பிறகு கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"வேற ஏதாவது கேக்கணுமா, கில்மன்?"

"இல்ல" என்றான் அவன். சுருட்டிய பத்திரிகையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னான். "இல்ல."

மத்தியானத்துக்குள் வாஷிங்டன் அவளை மேஜையிலிருந்து எடுத்துவிட்டது. சித்தி வீட்டில் பெட்டியைக் கட்டும்போது அல்ஃபேனா பொரிந்து தள்ளினாள். "ஒரு வார்த்தையில அவன் மானத்தை வாங்கியிருக்கலாம். ஏண்டி விட்டே?"

"மானம் போனவன் பாலத்துலேருந்து இறங்க மாட்டான் சித்தி" என்றாள் நார்மாண்ட், சட்டையை மடித்துக்கொண்டே. "அங்கேயே நின்னு செத்தாலும் சாவான். யாரு வந்து பேசினாலும் கடைசியில அவன்தான சாவியை எடுக்கணும்."

அவள் இடத்துக்கு அயோவா மாநிலத்திலிருந்து ஒருவர் வந்தார். மக்காச்சோளத்தில் பெரிய நிபுணராம். ப்ளோயை ஒரு பக்கம்தான் வேகவிடுவார்கள் என்பது தெரியாமல், இன்னும் வேகவில்லை என்று திருப்பி அனுப்பினார். விவசாயிகள் பிரெஞ்சில் பேச, அவர் இங்கிலீஷில் பதில் சொல்ல, இரண்டும் ஒன்றோடொன்று சந்திக்கவே இல்லை. பாலத்தில் மறுபடி கண்ணாடி உடைந்தது. ஒரு பையனுக்கு நெற்றியில் தையல் போட்டார்கள்.

அப்போதுதான் கில்மன், செனட்டர் ஆபீஸுக்குத் தானே போன் போட்டான். எட்டு வீட்டுக் கம்பி போய், அவரவருக்குத் தனிக் கம்பி வந்துவிட்ட காலம். ஆனாலும் அவன் பேசியது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"அந்த லியோனல் மவளைக் கூப்பிடுங்க. நாற்காலி கொடுக்க முடியலைன்னா முக்காலி கொடுங்க. மொழிபெயர்க்கன்னு சொல்லி உக்கார வைங்க, எனக்கென்ன. அவ வராம நான் ட்ரக்கை எடுக்க மாட்டேன்."

அப்படியே செய்தார்கள். நார்மாண்ட் மொழிபெயர்ப்பாளர் என்று சீட்டு ஒன்றைச் சட்டையில் குத்திக்கொண்டு, அயோவாக்காரரின் பின்னால் உட்கார்ந்தாள். அவர் ஒரு வரி சொன்னால் அவள் பிரெஞ்சில் நாலு வரி சொன்னாள். லெவீத் நாலு வரி சொன்னால் அவள் அயோவாக்காரர் காதில் ஒரு வரி சொன்னாள். கில்மன் ஒருநாள் கத்தியபோது, அவன் சொன்னதை அவள் மொழிபெயர்க்கவே இல்லை. "விவசாயிகள் யோசிக்க நேரம் கேட்கிறார்கள்" என்று மட்டும் சொன்னாள். கடைசியில், தரம் பிரித்து அளவு பார்த்த கிழங்கு மட்டும் பாலம் தாண்டலாம், இரண்டு பக்கமும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று முடிவானது. இக்கரைக்காரர்கள் கேட்டதில் முக்கால்வாசி. கையெழுத்து அயோவாக்காரருடையது. போட்டோவும் அவருடையது.

கில்மன் பாலத்துக்குப் போய் ட்ரக்கைக் கிளப்பினான். குளிரில் பாட்டரி செத்திருந்தது. அக்கரையிலிருந்து லெவீத்தான் ஆள் அனுப்பித் தள்ளிவிட்டார்.

நார்மாண்டுக்கு அந்த நாற்காலி அப்புறம் வரவே இல்லை. எதிர்த்தரப்போடு உறவு என்று அவள் கோப்பில் ஒரு வரி ஏறிவிட்டது. ஒவ்வொரு தடவை பெயர் மேலே போகும்போதும் யாராவது அதைப் படித்தார்கள். அவளுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள் தூதர் ஆனார்கள். அவளை, பிரெஞ்சு பேசுகிற, யாரும் கேட்டுப் போகாத ஊர்களுக்கு அனுப்பினார்கள். அவள் குறைப்பட்டு அல்ஃபேனா கேட்டதில்லை. ஒருமுறை மட்டும், கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, பாத்திரம் கழுவிக்கொண்டே, "அந்த நாற்காலி நல்லாத்தான் இருந்துச்சு சித்தி. முதுகுக்குச் சாய்மானம் இருந்துச்சு" என்றாள். அல்ஃபேனா துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

நார்மாண்ட் இப்போது டோகோ நாட்டில், லோமே நகரத்து அமெரிக்கத் தூதரகத்தில் வணிக அதிகாரியாக இருக்கிறாள்.